மூட்டை உட்கார்ந்த இடம்

என் அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். காலையில் கண் திறப்பதற்கு முன்னால் அது திறந்துவிடும். கோழியைத் திட்டுவாள், குழாயைத் திட்டுவாள், வெயிலைத் திட்டுவாள். திட்ட ஒன்றும் அகப்படாத நாளில் எனக்கு போன் போட்டுத் திட்டுவாள். கல்யாணமான மூன்றாம் நாளே அத்தான் அவளுக்கு 'வாயாடி' என்று பெயர் வைத்துவிட்டார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வாய் எவ்வளவோ, வேலையும் அவ்வளவு. வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிற பூசணி வயல், பதினான்கு வரிசை. அதை அவளும் அத்தானும் இரண்டே பேராகப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரோடு மூன்றாவதாக ஒருவனும் உண்டு. அவன் ஒரு வண்டி. முன்னால் இரண்டு சீட், பின்னால் திறந்த தொட்டி, கதவுக்குப் பதில் கயிறு. ஸ்டார்ட் ஆகும்போது நெஞ்சு சளி பிடித்தவன் கணக்காக இருமுவான் என்பதால் அக்கா அவனுக்கு 'இருமலாண்டி' என்று பேர் வைத்திருந்தாள்.

இருமலாண்டியை இருபது வருஷமாக உயிரோடு வைத்திருந்தவன் நான். ரோட்டு ஓரத்தில் எனக்கு ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. அவன் உடம்பில் நான் மாற்றாத பாகம் ஒன்றே ஒன்றுதான், கியர் பெட்டி. அந்தக் கியர் பெட்டியில்தான் அவர்கள் பிழைப்பே இருந்தது.

எப்படி என்று சொல்கிறேன். அறுவடைக் காலத்தில் காம்போடு அறுத்த பூசணிகளை வரிசை ஓரமாகக் குவித்துவைத்து, சில நாள் வெயிலில் காயவிடுவார்கள். அப்புறம் வண்டியில் ஏற்ற வேண்டும். அத்தான் இருமலாண்டியை ஆகக் குறைந்த கியரில் போட்டுவிட்டுக் கீழே குதித்துவிடுவார். அவன் டிரைவர் இல்லாமலே வரிசையில் ஊர்ந்துகொண்டு போவான். அந்தப் பக்கம் அத்தான், இந்தப் பக்கம் அக்கா. நடந்துகொண்டே பூசணியைத் தூக்கி, தொட்டியில் விரித்த வைக்கோலில் வைப்பார்கள். குளத்துப் பக்கத்து வரிசைகள் முடிகிற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண் கரை. அதில் முட்டியதும் இருமலாண்டிக்கு ஏறத் தெம்பு இருக்காது. இரண்டு இருமல் இருமி அணைந்துவிடுவான். பிரேக் என்று தனியாக எதற்கு? அவனுடைய சீக்குதான் எங்களுக்கு பிரேக்.

சென்ற வருஷம் விதைப்புக்குக் கொஞ்சம் முன்னால் அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை விழுந்துவிட்டது. இடது கால் பாதி விழுந்தது. பேச்சு வந்தது, ஆனால் குழறியது. குழறுகிறது என்று தெரிந்ததும் மனுஷன் பேசுவதையே நிறுத்திவிட்டார். வாசலில் ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு கைத்தடி. காலையில் அக்கா அவரைக் கொண்டுவந்து உட்காரவைப்பாள், சாயங்காலம் உள்ளே கூட்டிப்போவாள். அவருடைய ஓலைத் தொப்பி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

மகன் வந்தான். தூரத்து நகரத்தில் நல்ல வேலையில் இருக்கிறான். தங்கமான பிள்ளை, குறை சொல்ல மாட்டேன்.

"அம்மா, வயலைக் குத்தகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் எங்கிட்ட வந்துடுங்க. அப்பாவுக்கும் பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு. ஒத்தையில எத்தனை நாளைக்கு மாரடிப்பே?"

"இந்த ஒரு அறுவடை," என்றாள் அக்கா. "நான் ஒத்தையிலயே எடுத்துக் காட்டுறேன். எடுத்துட்டேன்னா இங்கதான் இருப்போம். முடியலைன்னா நானே பெட்டியைக் கட்டுறேன், நீ கூப்பிடவே வேணாம்."

"சத்தியமா?"

"சத்தியமாடா."

இந்தப் பேச்சு முழுவதும் அத்தானின் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, அவர் தலைக்கு மேலேயே நடந்தது. பீரோவை எந்த அறையில் வைக்கலாம் என்று பேசினால் பீரோவை யார் கேட்பார்கள்? நானும் கேட்கவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

அக்கா ஒத்தையாக விதைத்தாள், களை எடுத்தாள், தண்ணீர் பாய்ச்சினாள். அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது இருமலாண்டியின் கியர் பெட்டி வெடித்தது. நான் பற்றவைத்துக் கொடுத்தேன். மறுநாளே மறுபடியும் வெடித்தது. நடு வயலில் அக்கா ஒத்தையாக அவனைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது நான் போய்ச் சேர்ந்தேன்.

"போதும்டா தம்பி," என்றாள். "புதுசு வாங்கிடலாம்."

"இன்னொரு தரம் பத்தவெச்சா..."

"நீ பத்தவெச்சது போதும். எனக்கு வயித்துல பத்துது."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இருபது வருஷ உழைப்பை ஒரே வார்த்தையில் கழுவி ஊற்றிவிட்டாளே என்று இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவளே ஷெட்டுக்கு வந்தாள். "கிளம்பு. என்னைத் தனியா அனுப்பினா அவன் என் தலையில எதையாவது கட்டிடுவான்" என்றாள். உடன்பிறப்பாயிற்றே, போனேன்.

ஷோரூம் கண்ணாடியும் குளிருமாக இருந்தது. விற்கிற பையன் சட்டை கசங்காமல் பேசினான். அக்கா அவனைக் கவனிக்கவே இல்லை. நேரே வண்டியின் பின்னால் போய்த் தொட்டியின் உயரத்தைத் தன் இடுப்போடு அளந்து பார்த்தாள். பழையதைவிட ஒரு சாண் தாழ்வு. "இது போதும், முதுகு தப்பிச்சுது" என்றாள். அவள் முடிவு அங்கேயே முடிந்துவிட்டது. நான்தான் விடவில்லை. உள்ளே குனிந்து பார்த்தேன்.

"என்னப்பா இது, கிளச்சே காணோம்?"

"இதுல கிளச் கிடையாது சார். ஆக்சிலரேட்டர், பிரேக், ரெண்டே பெடல். வலது கால் ஒண்ணு போதும். இடது காலுக்கு வேலையே இல்ல."

"எங்க ஆளுங்களுக்கு ரெண்டு காலும் நல்லாத்தாம்ப்பா இருக்கு," என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி.

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மறக்க மாட்டேன் என்கிறது.

வண்டி வந்து இறங்கியது. பெல்ட் போடவில்லை என்றால் கூவியது, கதவு சரியாக மூடவில்லை என்றால் கூவியது, பின்னால் போனால் கூவியது. அக்கா ஒரே நாளில் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்துவிட்டாள். தொட்டதற்கெல்லாம் முகத்தைத் தூக்குகிறதாம். கூடவே ஒரு தடித்த புத்தகம் கொடுத்திருந்தார்கள், ஓட்டுவது எப்படி, பராமரிப்பது எப்படி என்று. நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அத்தானின் நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் போட்டேன். நான் பார்க்காத வண்டியா?

அறுவடையின் முதல் நாள் காலை ஆறரைக்கு போன்.

"டேய், மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டாரு. நான் இறங்கினா நின்னுடுறாரு. ஏறினா கிளம்புறாரு. என்ன சீர் குறைஞ்சுதுன்னு வந்து கேளு."

போய்ப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச். ஆள் உட்கார்ந்திருந்தால்தான், அதுவும் பெல்ட் போட்டிருந்தால்தான் எஞ்சின் ஓடும். இறங்கினால் அணைந்துவிடும். ஆளில்லாமல் ஊரவிட்டு ஏற்றுகிற வித்தை இந்த வண்டியில் செல்லாது. ஓட்ட ஒருவர், ஏற்ற ஒருவர் வேண்டும். அக்கா ஒருத்தி. கூலிக்கு ஆள் கூப்பிட்டால் 'ஒத்தையில எடுத்துக் காட்டுறேன்' என்ற சவடால் என்னாவது? அதைவிட, அந்த வாரம் எல்லா வயலிலும் அறுவடை, ஆளே கிடைக்கவில்லை.

"ரெண்டு ஒயரை வெட்டிச் சேர்த்தா முடிஞ்சுது," என்று கட்டிங் பிளேயரை எடுத்தேன்.

"ஒயர்ல கை வெச்சே, கையை உடைப்பேன். கேரண்டி போயிடும்னு அந்தப் பையன் படிச்சுப் படிச்சுச் சொன்னான்."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆமாம், என் யோசனைதான், வேறு யார் தலையிலும் போட மாட்டேன். வீட்டுக்குள்ளிருந்து ஐம்பது கிலோ மக்காச்சோள மூட்டையைத் தூக்கிவந்து டிரைவர் சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினேன். மாப்பிள்ளை சமாதானமாகிவிட்டார். கியரில் போட்டதும் ஆக்சிலரேட்டரைத் தொடாமலே மெல்ல ஊர்ந்தார். அக்கா விசில் அடித்தாள்.

அன்று மத்தியானம் பால் வேன்காரர் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, "என்னம்மா, பேய் ஓட்டுதா?" என்று கேட்டிருக்கிறார். அது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஊர் வாய்க்கு அவல் கொடுப்பானேன் என்று, மறுநாள் கதவுக்குப் பின்னால் தொங்கிய ஓலைத் தொப்பியை எடுத்து மூட்டையின் தலையில் கவிழ்த்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் ஆள்தான். நானும் அக்காவும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அத்தான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொப்பி, அவர் இடம். எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் அது எட்டவில்லை.

மூன்று நாளில் ஆறு வரிசை முடிந்தது. அந்த வரிசைகளின் கடைசியில் காலி நிலம்தான். வண்டி கொஞ்சம் தள்ளிப் போனாலும் அக்கா ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம். ஏழாவது வரிசையிலிருந்து கடைசியில் மண் கரை, கரைக்கு அந்தப் பக்கம் குளம். நாலாம் நாள் நானும் ஷெட்டைப் பூட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தேன். கை கொடுத்தேனா என்று கேட்காதீர்கள், ஒத்தையில் எடுப்பதுதானே பந்தயம். வண்டி வரிசைக் கடைசியை நெருங்கியது. அக்கா பூசணியைப் போட்டுவிட்டுச் சீட்டுப் பக்கம் ஓடப் பார்த்தாள்.

"ஏன்க்கா ஓடுறே? கரையில முட்டித் தானா நின்னுடும்," என்றேன்.

இருபது வருஷப் பழக்கம் பேசியது. அவளும் அதே இருபது வருஷத்தை நம்பி நின்றாள். இருமலாண்டிக்குத்தான் ஏறத் தெம்பு கிடையாது. மாப்பிள்ளைக்கு என்ன குறைச்சல்? கரையில் முட்டினார், ஒரு உறுமல், முன் சக்கரம் ஏறியது.

"ஐயோ!" அக்கா பாய்ந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். வண்டி அவளையும் இழுத்துக்கொண்டு கரை மேல் ஏறுகிறது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"வாயாடி! விடு! கையை விடு!"

வாசலிலிருந்து வந்த குரல். குழறல் கொஞ்சமும் இல்லை. ஐந்து மாசமாகக் கேட்காத பெயர் அது. அக்காவின் கை தானாக விட்டுவிட்டது. அவள் கரையில் பொத்தென்று விழுந்தாள். வண்டி அந்தப் பக்கம் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் போய் நின்று அணைந்தது. பூசணிகள் ஒவ்வொன்றாக மிதந்து வெளியே வந்தன. மூட்டை மட்டும் பெல்ட் போட்டபடி, தொப்பி கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அத்தான் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கைத்தடி தரையில் கிடந்தது. வலது கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தார்.

அந்த நேரம் ரோட்டில் வந்த பால் வேன்காரரும் நானும் கயிறு கட்டி வண்டியை வெளியே இழுத்தோம். அக்கா கரையில் உட்கார்ந்து முதலில் சிரித்தாள். அப்புறம் அழுதாள், சின்னப் பிள்ளை மாதிரி, வாய் விட்டு. முழங்கையில் ரத்தம்.

"முடிஞ்சுதுடா. தோத்துட்டேன். அவனுக்கு போன் போடு, பெட்டி கட்டுறேன்னு சொல்லு."

"அவனுக்கு எதுக்குச் சொல்றே? யாருக்கும் தெரியாது."

"வேன்காரர் பார்த்துட்டாரு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கவா? அதுவும் குளம் பூரா மிதக்குற பூசணியை?"

வீட்டுக்கு வந்தோம். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு. அக்கா ஈரத் தொப்பியை அவர் மடியில் வைத்தாள்.

"எடுத்திருக்கக் கூடாதுங்க," என்றாள். "புத்தி கெட்டுப்போய் எடுத்துட்டேன்."

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேசினார். இந்த முறை குழறியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"மூட்டை... உக்காருற இடத்துல... நான் உக்காரக் கூடாதா?"

அக்காவின் வாய் ஜன்மத்தில் முதல்முறையாக அடைத்துப்போயிற்று. நான்தான் கேட்டேன், முட்டாள் மாதிரி:

"உங்க இடது கால் அத்தான்..."

அவர் வலது கையால் ஸ்டூலில் இருந்த புத்தகத்தை எடுத்தார். பிரித்தார். மூலை மடித்து வைத்திருந்த பக்கம். ஒரு படத்தில் விரலை வைத்தார். இரண்டே பெடல், ஒரே கால்.

"இடது காலுக்கு... இதுல... என்ன வேலை?"

ஷோரூமில் கடை முழுக்கக் கேட்கும்படி நான் சொன்னது எனக்கே திரும்பக் கேட்டது. கிளச் இல்லை, கிளச் இல்லை என்று ஊரெல்லாம் குறை சொல்லித் திரிந்தவன் நான். அந்தக் குறை யாருக்கு வரம் என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷன் படித்துக் கண்டுபிடித்திருக்கிறார். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். "வந்த... மறுநாள்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போய், வாயை மூடிக்கொண்டேன். யார் கேட்டோம்? வெட்கமாக இருந்தது. வண்டியைக் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு நாள் வண்டியைப் பிரித்துக் காயவைத்தேன். அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துத்தான் செய்தேன், வேறு வழி? புதன்கிழமைதோறும் அத்தானுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வருவாள். அவள் தன் உள்ளங்கையைக் காட்டி வலது பாதத்தால் அழுத்தச் சொன்னாள், விடச் சொன்னாள், திடீரென்று கை தட்டி அழுத்தச் சொன்னாள். பிறகு அவரை ஓட்டவிட்டு, பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டு முற்றத்தில் மூன்று சுற்று வந்தாள்.

"வயலுக்குள்ள மட்டும். ஊர்ற வேகம் மட்டும். பக்கத்துல ஆள் இருக்கணும். ரோடு பக்கம் போனீங்க, நான் இனிமே வர மாட்டேன்," என்றாள்.

அத்தான் ஏறுவதற்குப் படி உயரமாக இருந்தது. இருமலாண்டியின் பின் பலகையை அறுத்து ஒரு படி செய்து பற்றவைத்தேன். அந்தப் பற்று இன்றைக்கு வரைக்கும் விடவில்லை, அக்காவிடம் அடிக்கடி சொல்லிக்காட்டுவேன்.

எட்டாவது வரிசையில் மறுபடி தொடங்கினோம். அக்கா அவருக்கு பெல்ட் மாட்டினாள், காய்ந்த தொப்பியைத் தலையில் வைத்தாள். முதல் குவியலிலேயே சக்கரத்தை ஏற்றி மூன்று பூசணியை நசுக்கிவிட்டார்.

"கண்ணு எங்க இருக்கு? மூட்டையே தேவலாம் போல இருக்கே!" என்று அக்கா கத்தினாள்.

அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போயிற்று, அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அடுத்த குவியலில் சரியாக நிறுத்தினார். அதற்கடுத்ததில் அவள் கை நீட்டுகிற இடத்துக்கே தொட்டி வந்து நின்றது. எதற்கு முன்னால் நிற்க வேண்டும், அவள் எப்போது மூச்சு வாங்குவாள், எந்தப் பூசணியை இரண்டு கையால் தூக்குவாள் என்று இருபது வருஷமாக அந்தப் பக்கம் நடந்தவருக்குத் தெரியாதா? கரைக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது பிரேக்கைப் போட்டார். திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"சீக்கிரம் போடு வாயாடி. வண்டி... காத்துக்கிட்டிருக்கு."

அக்கா பதிலுக்கு ஏதோ திட்டினாள். அழுதுகொண்டே திட்டியதால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

கடைசி வரிசைக்கு அவர்கள் வந்த நாள், சொல்லாமல் கொள்ளாமல் மகன் வந்து இறங்கினான். வேன்காரர் மூலமாகக் குளத்துச் சமாச்சாரம் நகரம் வரைக்கும் போயிருக்கிறது. வயலில் நடந்து வந்தான். நகரத்துச் செருப்பு மண்ணில் புதைந்தது. அவன் கண் அக்கா மேலேயே இருந்தது. வண்டியில் உட்கார்ந்திருந்த தொப்பியைப் பார்த்தான், மூட்டை என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

"குளத்துக்குள்ள போச்சாமே! ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா? போதும்மா. ஒத்தையில எடுக்குறேன்னு சத்தியம் பண்ணே. முடியலைன்னு ஒத்துக்கோ."

"ஒத்துக்கிறேன்டா," என்றாள் அக்கா, பூசணியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. "ஒத்தையில என்னால முடியல."

அவன் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் இறங்கிப்போன குரலில் கேட்டான்:

"அப்ப எப்பம்மா கிளம்புறீங்க?"

"என்னை ஏன் கேக்குறே? போன தரமும் என்னையே கேட்டே. நானும் தப்புப் பண்ணினேன், நானே பதில் சொன்னேன். போய் டிரைவரைக் கேளு."

அவன் புரியாமல் வண்டியைப் பார்த்தான். தொப்பி திரும்பியது. தொப்பிக்குக் கீழே அவன் அப்பா இருந்தார்.

"அப்பா?" இரண்டு எட்டு வைத்து வண்டிக்கு எதிரே போய் நின்றான். "அப்பா, நீங்க... எங்கிட்ட வர்றீங்களாப்பா?"

அத்தான் அவனைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். பிறகு வலது கையைத் தூக்கி ஹார்னை ஒரு அடி அடித்தார். அவன் துள்ளி விலகினான்.

"அறுவடை... முடியல. வழியில... நிக்காதே," என்றார். "பின்னால போ. அந்தப் பக்கம்... எனக்கு ஆள் இல்ல."

மகன் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, வண்டியின் அந்தப் பக்கமாகப் போய் முதல் பூசணியைத் தூக்கினான்.